பெங்குவின் பார்க்கப் போய் மேகம் எண்ணித் திரும்பினேன்: மரியோன் டுஃப்ரென் கப்பல் பயணம், ஒரு மதிப்புரை

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் லெ போர் துறைமுகத்தில் ஏறி, குரோசே, கெர்கெலென், ஆம்ஸ்டர்டாம் என்னும் தென்கடல் தீவுகளைப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் கடந்து, 28 நாள் கழித்து அதே துறைமுகத்தில் இறங்குவதற்கான பயணச்சீட்டைப் பற்றியது இம்மதிப்புரை. நான் காரைக்காலில் பிறந்தவள். 31 ஆண்டுகள் ரெயூனியனின் சேன்-பியேர் நகரில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தீவுகளை நிருவகிக்கும் பிரெஞ்சு தென்னக நிலப்பகுதிகளின் தலைமை அலுவலகம், இங்கே எல்லாரும் தாஃப் என்று சுருக்கிச் சொல்வது, எங்கள் ஊரில்தான் இருக்கிறது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதன் வாசலைக் கடந்தே போயிருக்கிறேன் என்பதைத் தவிர, தெற்குக்கும் எனக்கும் முன்பின் எந்தத் தொடர்பும் இல்லை. ஓய்வூதியச் சேமிப்பின் ஒரு பகுதியை இதற்குச் செலவிடப் போகிறேன் என்றபோது, "குளிரில் நடுங்குவதற்கா இவ்வளவு பணம்?" என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆகவே விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

28 நாளில் தீவுகளுக்கு அருகே நிற்கும் நாள்கள் பாதிக்கும் குறைவு. எஞ்சியவை முழுவதும் கடல். விளம்பரத் தாள்களில் பெங்குவினும் கடல்யானையும் பக்கம் பக்கமாக இருக்கும்; கடலில் கழியும் நாள்களுக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இப்பயணம் நட்டம். என் கணக்கு வேறாக முடிந்தது. கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல், மாலுமிகள் நின்று கப்பலை இயக்கும் செலுத்தறையில், மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை நடக்கும் வானிலைக் குறிப்பெடுப்பைப் பக்கத்தில் நின்று பார்த்ததிலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

இது உல்லாசக் கப்பல் அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1995-இல் கட்டப்பட்ட, 120 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல் ஒரே உடம்பில் பல வேலைகளைச் சுமக்கிறது: தீவுகளில் உள்ள ஆய்வுத் தளங்களுக்கு உணவு, எரிபொருள், ஆட்கள் கொண்டுசெல்வது ஒரு வேலை, கடலாய்வு இன்னொன்று. ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி தாஃப் நிருவாகத்தின் பணியிலும், மிகுதி பிரான்சின் கடலாய்வு நிறுவனமான இஃப்ரெமெர் பொறுப்பிலும் கழிகிறது. கடலடிச் சேற்றை 60 மீட்டருக்கும் நீளமான ஒற்றைத் தூணாக உருவியெடுக்கும் கலிப்சோ என்னும் துளைக்குழாய் இக்கப்பலின் பெருமை. தீவுச் சுற்றின்போது அது வேலை செய்யாது, ஆனால் அதை இறக்கும் சாதனங்களின் ஓரமாக நடந்தேதான் பின்தளத்திற்குப் போக வேண்டும். சுமார் 110 பேர் தங்கலாம். அவர்களில் என்னைப் போலச் சீட்டு வாங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மற்றவர்கள் தீவில் ஓராண்டு தங்கப் போகும் இளைஞர்கள், ஆய்வாளர்கள், பழுது பார்ப்பவர்கள், ஹெலிகாப்டர்க்காரர்கள். சுற்றுலாப் பயணிதான் இங்கே சிறுபான்மை. எனக்கு அது பிடித்திருந்தது. கவனித்துக்கொள்ளப்படுவதற்கென்றே கப்பலேறுகிறவர்களுக்குப் பிடிக்காது.

அறை இருவருக்கானது, கட்டில், மேசை, குளியலறை, கடலைப் பார்த்த வட்டக் கண்ணாடி. சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாளே ஆபத்துக்காலப் பயிற்சி உண்டு: உடம்பு முழுவதையும் மூடும் செந்நிற நீர்க்காப்பு உடையை ஒவ்வொருவரும் அணிந்து காட்ட வேண்டும். புடவை கட்டிப் பழகிய கால்களை அதற்குள் திணிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் கேட்பார்கள். பிரெஞ்சு முறைச் சமையல். மீனும் இறைச்சியும் தாராளம். நான் சைவம் என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்ததால் நாள்தோறும் ஏதேனும் ஒன்று தனியாக வைத்தார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, சோறு, அவித்த பருப்பு என்று ஒரு குறையுமில்லாமல் ஓடியது. வாரத்தில் சில நாள் ரெயூனியன் முறையில் சோறும் அவரை வகையும் காரத் துவையலும் வரும். அந்தத் துவையலுக்கு இங்கே ருகாய் என்று பெயர். அது நம் ஊறுகாய் என்ற சொல்லின் வழி வந்தது என்பதைப் பரிமாறும் இளைஞரிடம் சொன்னேன். அவர் தமிழ் வழிவந்த குடும்பத்தவர். தமிழ் பேச வராது. ஆனால் அவருடைய பாட்டி இன்றும் மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர். "அப்படியானால் நான் இத்தனை நாளும் தமிழில்தான் சாப்பிட்டிருக்கிறேன்" என்று கிரியோலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஊறுகாயால் வந்த சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். தீவுகளில் அயல் விதை ஒன்றுகூட விழக் கூடாது என்பதில் இவர்கள் காட்டும் கண்டிப்பு, 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இடத்திற்குத் தகுந்ததே. ஒவ்வொரு தரையிறக்கத்திற்கு முன்பும் காலணியின் அடிப்பள்ளம், பையின் ஓரம், ஒட்டுப்பட்டை எல்லாவற்றையும் தூரிகையாலும் தூசி உறிஞ்சியாலும் துடைக்க வேண்டும். என் மாவடு ஊறுகாயில் மிதந்த கடுகைப் பார்த்ததும் பொறுப்பாளர் முகம் மாறியது. உப்பிலும் எண்ணெயிலும் மூன்று மாதம் கிடந்த கடுகு முளைக்காது என்று நான் வாதாடவில்லை. பாட்டில் கப்பலைவிட்டு இறங்காது என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டாம் நாள் மாலை முதல் நான்காம் நாள் காலை வரை எனக்குக் கடல் மயக்கம். இதில் கப்பலின் குற்றம் ஒன்றுமில்லை. சுக்கும் மாத்திரையும் சரிபாதி உதவின. உருளும் கப்பலில் தூங்குவதற்கு ஒரு மடகாஸ்கர் மாலுமி சொல்லிக்கொடுத்த உபாயம் இரண்டையும்விட மேலானது: உயிர்காப்பு மேலங்கியை மெத்தையின் வெளியோரத்திற்கு அடியில் செருகிவிட்டால், மெத்தை சுவர்ப்பக்கம் சரிந்து ஒரு தொட்டில்போல ஆகும், உடம்பு புரளாது. சாப்பாட்டு மேசையில் துணியை ஈரமாக்கி விரிப்பதும் இதே வகைப் புத்திதான். ஈரத்துணியில் தட்டு வழுக்காது.

மயக்கம் தெளிந்த காலைதான் முதன்முதலாகச் செலுத்தறைக்கு ஏறினேன். மாலுமிகள் பாஸ்ரெல் என்று சொல்லும் அந்த இடம் கப்பலின் முகப்பு முழுவதும் கண்ணாடியாலான அகன்ற கூடம். பேச்சைக் குறைத்துக்கொண்டு, கருவிகளுக்குக் குறுக்கே போகாமல் ஓரமாக நிற்கச் சம்மதித்தால் பயணிகளையும் அனுமதிக்கிறார்கள். நான் போன நேரம் காலை பத்து மணி, அதாவது உலகப் பொது நேரம் 6. காவலில் இருந்த இளம் அதிகாரி வெளியே எட்டிப் பார்த்து, வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி நோக்கி, கடலைச் சிறிது நேரம் முறைத்துவிட்டு, கணினியில் சில எண்களைத் தட்டினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த 24 நாளும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கருவிகள் தாமாகவே அளந்து அனுப்பிவிடுகின்றன. ஆனால் மேகம் வானத்தின் எட்டில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது, அது எந்த வகை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, தூறலா மழையா பனிமூட்டமா, அலை எவ்வளவு உயரம், எங்கிருந்து வருகிறது என்பவற்றுக்கு இன்னும் மனிதக் கண்தான் வேண்டும். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய கடல்சார் மாநாடு, எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே வடிவக் குறிப்பேட்டில் வானிலையை எழுத வேண்டும் என்று உடன்பட்ட நாள் முதல் வரும் வழக்கம் இது. சரக்குக் கப்பல்கள் நிறையப் போகும் பாதைகளில் ஒரு குறிப்பு தவறினால் பெரிய இழப்பில்லை. தென் அகலாங்கு 40-ஆம் பாகைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் இப்பகுதியில், பல நாள் போனாலும் வேறு கப்பல் தென்படுவதில்லை. செயற்கைக்கோள் மேகத்தைப் பார்க்கும், அலையை அளக்கும். கடல்மட்டக் காற்றழுத்தத்தை நேரடியாக அளப்பது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது. அதற்கு மிதவைகளும் இத்தகைய சில கப்பல்களுமே கதி. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களையெல்லாம் கண்காணித்து எச்சரிக்கை தரும் மண்டல மையம் ரெயூனியனின் தலைநகரான நம் சேன்-தெனியில் இருக்கிறது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது நாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருந்தது அந்த மையத்தின் சொல்லை நம்பித்தான். அத்தகைய ஒரு சொல்லுக்குப் பின்னால் இப்படிப் பெருங்கடலின் நடுவே நின்று வானத்தைப் பார்க்கும் கண்களும் இருக்கின்றன என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

எட்டில் ஒரு பங்கு என்பதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். தலைக்கு மேலே உள்ள மேகங்களுக்கு இடையே இடைவெளி தெரியும். தொடுவானத்தருகே உள்ளவை பக்கவாட்டில் தெரிவதால் ஒன்றை ஒன்று மறைத்து, வானமே மூடிவிட்டதுபோல ஏமாற்றும். என் முதல் மதிப்பீடு 7. அதிகாரியின் மதிப்பீடு 5. எல்லா மேகத்தையும் மனத்தால் ஒரு மூலைக்குத் தள்ளிக் குவித்துப் பாருங்கள் என்றார் அவர். ஒரு வாரத்தில் எங்கள் வேறுபாடு ஒன்றுக்கு மேல் போகவில்லை. கீற்று, படை, திரள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த மூன்று பெயர்கள் இங்கே மூன்று மூன்றாகப் பெருகின. இரவுக் குறிப்பு இன்னும் சுவையானது. செலுத்தறையில் விளக்கு இராது. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு விண்மீன் தெரியாத பகுதியை எண்ணினால் அதுவே மேகம். இல்லாததை எண்ணி உள்ளதைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கை வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்!

காற்றும் அப்படியே. கப்பல் ஓடிக்கொண்டிருப்பதால் மேல்தளத்தில் நம் முகத்தில் படுவது உண்மைக் காற்று அன்று. அதில் கப்பலின் ஓட்டமும் கலந்திருக்கிறது. 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல்மைல், வேகத்தில் போகும் கப்பலுக்குப் பின்னாலிருந்து 14 நாட் காற்று அடித்தால் தளத்தில் இலைகூட அசையாது. ஆற்றின் போக்கையும் படகின் வேகத்தையும் கொடுத்துக் கரையேறும் இடத்தைக் கேட்கும் அதே வினா. கருவி தானே கழித்துச் சொல்லிவிடுகிறது என்றாலும், அதிகாரிகள் கடலைப் பார்த்தே, காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் திரையைச் சரிபார்க்கிறார்கள். அலை முகடுகளில் வெண்ணுரை எங்கும் பரவினால் 6. அந்நுரை காற்றின் திசையில் தெளிவான கோடுகளாக நீண்டால் 8, அதாவது 34 முதல் 40 நாட்.

அலையை அவர்கள் இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். இப்போது வீசும் காற்றால் எழும் அலை ஒன்று. எங்கோ தொலைவில் வீசிய புயலால் எழுந்து, அந்தப் புயல் அடங்கிய பின்னும் பயணம் செய்துகொண்டே வரும் நெடிய அலை மற்றொன்று. இரண்டாவதன் இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை, மிதக்கும் நுரைத் திட்டு ஒன்று ஏறி இறங்கி மீண்டும் ஏறுவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தால் அளந்தேன்: 12 விநாடி. ஆழ்கடலில் அந்த நேரத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் வரும். 225 மீட்டர்! கப்பலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஓடும் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். அதைக் கணக்கிட்ட பிறகு எனக்குக் கப்பலின் ஆட்டத்தின்மேல் இருந்த கோபம் போய்விட்டது. இவ்வளவு பெரிய ஒன்று அடியில் ஓடும்போது நாம் இவ்வளவுதான் ஆடுகிறோம்.

வானிலைக்கு நம் மொழியில் உள்ள சொற்கள் இங்கே தலைகீழாகிவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்கால் கடற்கரையில் வாடை என்றால் வடக்கே இருந்து வரும் குளிர்காற்று. சோழகமும் கச்சானும் வெப்பக் காலத்தவை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், அதற்குப் பாட்டே உண்டு. 46-ஆம் பாகையில் தெற்கிலிருந்து வருவது பனிக்கட்டியின் மூச்சு. வடமேற்குக் காற்றுதான் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். காரைக்காலில் அது வலக்கைப் பக்கம். என் பாட்டனார் மீன்பிடிக் கப்பலோட்டி. அவரை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தால் தாம் கற்றதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துப் படித்திருக்க வேண்டும்.

குரோசேக்கும் கெர்கெலெனுக்கும் இடையில் அந்தப் பாடம் முழுமையாகக் கிடைத்தது. ஒரு பிற்பகலில் வடமேற்குக் காற்றும் இடைவிடாத தூறலுமாக வானம் எட்டுக்கு எட்டு மூடியிருந்தது. அழுத்தமானியின் கோடு மூன்று மணி நேரத்தில் 9 ஹெக்டோபாஸ்கல் இறங்கியது. அறைகளின் வட்டக் கண்ணாடிகளுக்கு உலோக மூடி போட்டார்கள். மேல்தளக் கதவுகள் பூட்டப்பட்டன. ஒலிபெருக்கியில் மாடிப்படிகளில் ஒரு கையைப் பிடிமானத்திற்கு ஒதுக்குமாறு நினைவூட்டினார்கள். இரவு பத்து மணிக்கு அழுத்தம் 974. காற்று 10-ஆம் எண்ணைத் தொட்டது. பிறகு, யாரோ கதவைத் திறந்து வேறு கதவை மூடியதுபோல, அரை மணிக்குள் காற்று வடமேற்கை விட்டுத் தென்மேற்குக்குத் திரும்பியது. வெப்பநிலை 4 பாகை சரிந்தது. மேகம் கிழிந்து விண்மீன்கள் வந்தன. அழுத்தக்கோடு நிமிர்ந்து ஏறத் தொடங்கியது. அலைமட்டும் அடங்கவில்லை. பழைய வடமேற்கு அலையும் புதிய தென்மேற்கு அலையும் குறுக்கும் மறுக்குமாக மோதியதால், புயலின்போது ஆடியதைவிடப் புயல் போன பிறகு ஆடியதே அதிகம். அன்று இரவு உணவில் பாத்திரம் உடைந்த ஓசை மூன்று முறை கேட்டது. ஒவ்வொரு முறையும் கைதட்டல் எழுந்தது. நான் பயந்தேனா என்று என் நாத்தனார் கேட்டார். செலுத்தறையில் நின்றவரை பயமில்லை. படுக்கையில் கிடந்து ஓசையை மட்டும் கேட்டபோதுதான் பயம்.

கடல்நீரைப் பற்றி எனக்குக் கற்பித்தவர் புதுச்சேரியிலிருந்து வந்து பிரான்சில் முனைவர் பட்டத்திற்குப் படிக்கும் ஓர் இளம்பெண். கப்பலின் அடிப்பகுதியில் இடைவிடாமல் கடல்நீரை உறிஞ்சி அதன் வெப்பத்தையும் உப்பையும் பதியும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் திரையை இரவும் பகலும் காவல் காப்பவர்களுள் அவரும் ஒருவர். புறப்பட்ட அன்று 28 பாகை காட்டிய திரை, மெல்ல மெல்ல இறங்கி, 40-ஆம் பாகையைத் தாண்டியதும் ஒரு நாள் பிற்பகல் சட்டென்று சரியத் தொடங்கியது. "அம்மா, ஓடி வாங்க, இறங்குது" என்று என் அறைக் கதவைத் தட்டினார். நான்கு மணி நேரத்தில் 16-லிருந்து 11-க்கு வந்தது. வெளியே போய்ப் பார்த்தால் கடலின் நிறமே நீலத்திலிருந்து கரும்பச்சைக்கு மாறியிருந்தது. அதுவரை தென்படாத பறவைகள் கப்பலைச் சுற்றின. வெப்பமண்டல நீரும் தென்முனை நீரும் சந்திக்கும் எல்லைகளுள் அது ஒன்று. நிலத்தில் எல்லை என்றால் வேலியும் சாவடியும் இருக்கும். இங்கே எண் மட்டும் இருக்கிறது. கடலின் மேல்நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை இக்கப்பல் 1998 முதல் ஆண்டுதோறும் ஆய்வுப் பயணங்களில் அளந்துவருகிறது என்றும், ஒரே பாதையில் ஒரே மாதிரியாக அளப்பதால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு என்றும் அவர் விளக்கினார். மாலையில் ஆய்வாளர்கள் நடத்தும் உரைகளும் உண்டு. சில நன்று, சில தூக்கத்திற்கு நன்று.

தீவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படங்கள் எங்கும் கிடைக்கின்றன. குரோசேயில் முதல் நாள் ஹெலிகாப்டர் எழவே இல்லை, காற்று விடவில்லை. கரைக்கு எதிரே ஒரு நாள் முழுவதும் ஆடிக்கொண்டு நின்றோம். மறுநாள் இறங்கியபோது, அரசப் பெங்குவின் கூட்டத்தின் நெடியும் இரைச்சலும் நான் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு. கெர்கெலெனில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்று அரிதன்று. நாங்கள் இருந்த நாள்களில் அவ்வளவு இல்லாவிட்டாலும், போர்-ஓ-ஃபிரான்சே தளத்தின் சிறிய தேவாலயத்திற்குக் காற்றுகளின் மாதா என்று பெயர் வைத்ததன் பொருத்தம் அதன் கதவைத் திறக்க முயன்றபோது விளங்கியது. வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறேன். இந்த மாதாவிடம் போக நடை மட்டும் போதாது. இத்தீவுக்கூட்டங்களைக் கண்டறிந்த கப்பற்பயணங்கள் இரண்டும் நம் அண்டைத் தீவான மொரீசியசிலிருந்து, அப்போதைய ஈல் தெ ஃபிரான்சிலிருந்து புறப்பட்டவை: 1772 ஜனவரியில் குரோசேயைக் கண்ட மரியோன் டுஃப்ரென், மறுமாதம் தம் பெயரிலுள்ள தீவைக் கண்ட கெர்கெலென். அக்காலத்துக் குறிப்பேடுகளிலும் இதே மேகமும் இதே காற்றும்தான் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கெர்கெலெனின் அஞ்சலகத்தில் முத்திரையிட்டு என் முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பினேன். தாஃப் தபால்தலைகளுக்குச் சேகரிப்பவர்களிடையே நல்ல மதிப்பு. தீவுக்கு வேறு முறையான போக்குவரத்து இல்லாததால் அக்கடிதம் நான் பயணம் செய்த அதே கப்பலிலேயே, என் அறைக்குச் சில தளங்கள் கீழே பையில் கிடந்தபடி, என்னோடு ஊர் திரும்பியது. எனக்குப் பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது.

சித்திரை முதல் நாள் கெர்கெலெனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் வழியில் வந்தது. கப்பலில் தீ ஏற்ற அனுமதி கிடையாது. சூடமும் விளக்கும் இல்லை. புதுச்சேரிப் பெண்ணும் நானும் மேசை விளக்கின் முன் ஒரு வெள்ளித் தட்டை வைத்தோம். பச்சடிக்கு, என் மாவடுவின் புளிப்பு, ரெயூனியன் கரும்புச் சர்க்கரை, சமையலறை மிளகாய், உப்பு. கசப்புக்கு நான் சிறு பொட்டலத்தில் கொண்டுவந்திருந்த காய்ந்த வேப்பம்பூ, அதையும் விதை பார்க்கும் பொறுப்பாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ந்த பிறகே விட்டார். பரிமாறும் இளைஞர் வந்து ஒரு கரண்டி சுவைத்து, இதற்கும் ருகாய் என்றுதான் பெயரா என்று கேட்டார். அன்று காலைக் குறிப்பில் மேகம் 3, காற்று 4, கடல் 12 பாகை. ஆண்டுப் பிறப்புக்குப் பஞ்சாங்கம் படிப்பதற்குப் பதில் அதைப் படித்தேன்.

இனிக் குறைகள். இவற்றில் எதுவும் கப்பலைச் சேர்ந்தது அன்று. நான் சீட்டு வாங்கிய முகவர் கொடுத்த உடைப் பட்டியல் மழைக்காலத்து மலையேற்றத்திற்கு எழுதியது. தென்கடலுக்கு அதைக் கொண்டுபோனால் அழுவீர்கள். பட்டியலில் மெல்லிய நீர்காப்புச் சட்டை ஒன்று. உண்மையில் வேண்டியது கனத்த வெளியுடை, கம்பளி உள்ளுடை இரண்டு, முழங்கால் வரை உயரும் ரப்பர்க் காலணி. பட்டியலை நம்பி வெளியுடை வாங்கிய கடை இன்னொரு கதை. பனியுடை என்று விற்றார்கள். செலுத்தறைக்கு வெளியே உள்ள திறந்த தளத்தில் இருபது நிமிடம் நின்றதில் தையல் வழியாக நீர் இறங்கியது, இழுவைப்பல் (ஜிப்) உப்பில் இறுகி நின்றுவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடலில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். மழையுடையை நீரில் பயன்படுத்தியது என் தவறாம். கப்பலில் ஒரு பொறியாளர் கடன் கொடுத்த பழைய எண்ணெய்த்துணி மேலங்கியில்தான் என் எஞ்சிய நாள்கள் கழிந்தன.

ஆம்ஸ்டர்டாமில் 16 பாகை; தென்கடலிலிருந்து வருகிறவருக்கு அது கோடை. பெனெடிக்ட் முனையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து காற்றின் கரியமில வாயுவை அளக்கும் நிலையம் இருக்கிறது. கண்டங்களிலிருந்து இவ்வளவு தொலைவில் இருப்பதாலேயே அக்காற்றுக்கு மதிப்பு. நான் போய்வந்த பிறகு, 2024 இறுதியில் குரோசேயிலும் கெர்கெலெனிலும் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. 2025 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் பெருந்தீ மூண்டு தளத்தில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆகவே எந்தத் தீவில், எந்த இடம் வரை இறங்க விடுவார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரையிறக்கத்திற்காகவே போகிறவர்கள் காத்திருப்பது நல்லது. முதுகுவலி உள்ளவர்கள், படிக்கட்டு ஏற முடியாதவர்கள், நாள்தோறும் வீட்டோடு முகம் பார்த்துப் பேசாமல் இருக்க முடியாதவர்கள் போக வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை: அறை ஒதுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு, காட்சி குறைந்தாலும் பரவாயில்லை. காட்சிக்கு மேலே செலுத்தறை இருக்கிறது. கோடு போட்ட குறிப்பேடு ஒன்றும், கயிறு கட்டிய பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். உப்புக்காற்றில் பேனா எழுதாது.